பெயரில்லாத பட்டன்கள்

எங்கள் அலுவலக வாசலில், எங்களோடு வேலை பார்க்கும் அக்காவின் படம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. கீழே, 'இங்கே எல்லோருக்கும் இடமுண்டு' என்று எழுதியிருக்கிறது. படமெடுக்க வந்தவன் கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னானாம். "ஏன், உள்ளயுமா வெயிலடிக்குது?" என்று கேட்டாராம் அக்கா. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கண்ணாடி போடும் வழக்கமும் இல்லாதவர்.

நாங்கள் எழுதும் செயலிகளைச் சோதிப்பது அக்காவின் வேலை. திரையில் இருப்பதைப் போன் அவருக்குப் படித்துச் சொல்லும். அவர் வைத்திருக்கும் வேகத்தில் எங்களுக்கு ஒரு எழவும் புரியாது. இந்த நாற்காலிக்கு வருவதற்குள் பதினோரு நேர்காணல். ஒன்றில், "மாடிப்படி ஏறுவீங்களா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்களாம். அந்த அறை இருந்ததே மூன்றாவது மாடியில்தான்.

சென்ற மாதம் ஆஸ்பத்திரி முன்பதிவுச் செயலி ஒன்று முடிந்தது. முன்னோட்டமாக ஊழியர்கள் நாங்கள் அதை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தோம். மறுநாள் வெளியீடு. பார்வையற்றவர்களும் பயன்படுத்தலாம் என்ற சான்றில் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். அவர் மறுத்துவிட்டார். பட்டன்களுக்கு அழகழகாகப் படம் போட்டுவிட்டுப் பெயர் எழுதாமல் விட்டிருந்தோம். விட்ட புண்ணியவான் நான்தான். பெயர் இல்லாவிட்டால் போன் எல்லாவற்றையும் வெறும் 'பட்டன்' என்றுதான் படிக்கும்.

மேனேஜர் ஓடி வந்தார். "சின்ன விஷயம்மா, அப்புறம் சரி பண்ணிக்கலாம். உங்க ஒப்பந்தம் வேற அடுத்த வாரம் முடியுது."

மிரட்டல் என்று புரிந்தது.

அக்கா அவருடைய போனையே கேட்டு வாங்கினார். படிக்கும் குரலை ஓடவிட்டு, திரையை இருட்டாக்கி நீட்டினார். "டாக்டரைப் பாக்க ஒரு நேரம் வாங்குங்க சார்."

மேனேஜர் தடவினார். "பட்டன்," என்றது போன். "பட்டன். பட்டன்." குத்துமதிப்பாக ஒன்றை இரண்டு முறை தட்டினார்.

"உங்கள் முன்பதிவு ரத்து செய்யப்பட்டது."

"ஐயையோ! அது எங்கம்மாவோட ஸ்கேனு!"

"சின்ன விஷயம்தானே சார்," என்றார் அக்கா. "ஒப்பந்தம் உங்க கையில. கையெழுத்து என் கையில. போட மாட்டேன்."

வெளியீடு நின்றது. நாற்பத்தொரு பட்டன்களுக்கும் பெயர் எழுதினேன். ஒரு வருடத்துக்குப் போட வேண்டிய ஒப்பந்தத்தை மூன்றே மாதத்துக்குப் போட்டுக் கொடுத்தார்கள். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. அக்கா அதைப் பைக்குள் மடித்து வைத்தார்.

"மூணு மாசத்துல இன்னும் எத்தனை வெளியீட்டை நிறுத்தலாம், சொல்லு பாப்போம்."