அப்பா செய்த மொழிபெயர்ப்பு

"ஜட்கா லகேகா, மேடம். பச்சி கோ மத் பிட்டாவோ" என்றார் ரோலர் கோஸ்டர் வாசலில் நின்ற ஊழியர். உலுக்கி எடுத்துவிடும், குழந்தையை உட்கார வைக்காதீர்கள் என்கிறார். இதே வாக்கியத்தை நான் முன்பும் கேட்டிருக்கிறேன், அர்த்தம் தெரியாமல்.

அப்போது எனக்கு எட்டு வயது. தஞ்சாவூரிலிருந்து வடக்கே கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒரு மாதம்தான். இந்தியில் ஒரு சொல் தெரியாது. அப்பாவின் ஆபீஸ் பிக்னிக்கில், அவருடைய ஆபீசரின் மகள் ரோலர் கோஸ்டரின் முன்சீட்டில் ஏறிவிட்டாள். வாசலில் நின்றவர் என்னைக் காட்டி அப்பாவிடம் ஏதோ சொன்னார்.

"என்னப்பா சொல்றாரு?"

"ஒண்ணும் ஆகாதாம். ஏறு, ஆபீசர் பாக்குறாரு."

கிரீஸும் துருவும் கலந்த நாற்றம். ஒவ்வொரு வளைவிலும் பின்மண்டை இரும்புக் கம்பியில் மோதியது. பற்கள் நாக்கைக் கடித்தன. நான்கு நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அம்மா தவிட்டு ஒத்தடம் கொடுத்தபோது, அப்பா பேப்பரை இறக்காமலே சொன்னார்: "அவ நேரா உக்காரல."

என்மேல்தான் தப்பு என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

மகளை வரிசையிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்குக் காது மந்தம்.

"என்னம்மா சொன்னான் அந்த ஆளு?"

அவர் முகத்தையே பார்த்தபடி சொன்னேன்: "ஒண்ணும் ஆகாதாம்பா."

"பின்ன ஏன் கூட்டிட்டு வந்துட்ட?" என்றார் அப்பா. "ஏத்திவிடு."