யாருக்கு இடது?

மைக்கைக் கையில் எடுத்ததும் முதலில் ஒரு தட்டு. அப்புறம் ஒரு கனைப்பு. அதற்குப் பிறகுதான் பேருந்தெல்லாம். நாற்பத்தேழாம் எண் பேருந்து மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படப்போகிறது என்று எழுதிக்கொடுத்ததைச் சொல்லிவிட்டு நிறுத்துகிற ஆள் இல்லை மைக் அக்கா. "ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்காதீங்க. எல்லாச் சீட்டும் ஒரே இடத்துக்குத்தான் போகுது" என்று சொந்தச் சரக்கையும் சேர்த்துவிடுவார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பேருந்து நிலையத்தில் இதுதான் நடக்கிறது. அதிகாரிகளும் கண்டித்துப் பார்த்தார்கள். அவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள், அக்கா பேசிக்கொண்டிருக்கிறார்.

அறிவிப்பு அறை அலமாரி அளவு. ஒரு நாற்காலி, ஒரு மைக், டைம் கீப்பர் கூப்பிடும் இன்டர்காம், முட்டி முட்டித் தேய்ந்துபோன மேசை விளிம்பு. பிறவியிலேயே பார்வை இல்லாத அக்காவுக்கு அங்கே விளக்கு தேவைப்படுவதில்லை. பல்பு எரிந்துபோய் எட்டு மாதம் ஆனதை டைம் கீப்பர் வந்து காலை இடித்துக்கொண்டபோதுதான் கண்டுபிடித்தார்கள்.

அப்படிப்பட்ட வாய்க்குத்தான் பூட்டு வந்தது. குரல் கரகரத்தது, பிறகு பாதி வாக்கியத்தில் காற்றாகப் போனது. குரல் நாணில் கடுகளவு கட்டி என்றார் டாக்டர். எடுத்துவிடலாம், ஆனால் எடுத்த பிறகு நான்கு வாரம் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. மீறினால் குரல் போனது போனதுதான், மைக்கை மறந்துவிடலாம்.

"ஏதாச்சும் வேணும்னா எழுதிக் காட்டுங்கம்மா" என்றார் டாக்டர்.

"யாருக்கு டாக்டர் எழுதிக் காட்ட? எங்க வீட்டுக்காரருக்கும் கண்ணு தெரியாது."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டாராம்.

வீட்டுக்காரர் மெழுகுவத்திப் பட்டறையில் அச்சு வார்ப்பவர். அக்கா நூறு சொன்னால் அவர் ஒன்று சொல்வார், அதுவும் பெரும்பாலும் "ம்". தாளில் பிரெய்ல் குத்திக் கொடுக்கலாம்தான். "ஒரு வரி குத்தி முடிக்கிறதுக்குள்ள சோறு கரிஞ்சிடும். அவர் அடுத்த ரூம்ல இருந்தா அதைத் தூக்கிட்டு ஓடணும்." போனில் இதுவரை எல்லாமே வாயால் சொல்லித்தான் எழுதவைத்தார். இனி அந்த வாயே கிடையாது. அப்போதுதான் பட்டறையில் ஒருவர் சொன்னார்: போனின் கண்ணாடியிலேயே ஆறு விரலால் பிரெய்ல் அடிக்கலாம், அடித்ததைப் போனே உரக்கப் படிக்கும். அறுவைச் சிகிச்சைக்கு ஒன்பது நாள் இருந்தது.

வழிமுறையைப் போன் வாசித்தது. "திரை உங்களுக்கு எதிர்ப்புறம் நோக்குமாறு சாதனத்தைக் கிடைமட்டமாகப் பிடிக்கவும். முதல் மூன்று புள்ளிகளை இடது புறத்திலும் மற்ற மூன்றை வலது புறத்திலும் இடவும். மேலும் அறிய, கீழே உள்ள படத்தைப் பார்க்கவும்."

"படத்தைப் பார்க்கவா? அடப் பாவி! பார்க்க முடிஞ்சா உன்கிட்ட ஏன்டா வர்றேன்?" அக்கா போனை மடியில் குப்புறப் போட்டார். "யாருக்கு இடது? எனக்கு இடதா, போனுக்கு இடதா, எதிர்ல நிக்கிறவனுக்கு இடதா? கண்ணைக் கட்டிக் காட்டுல விட்டாக்கூட எனக்கொண்ணும் இல்ல. இது காடே இல்லையே!"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அக்காவும் வீட்டுக்காரரும் பள்ளியில் பிரெய்ல் எழுதக் கற்றது, சட்டத்தில் தாளை மாட்டி ஊசியால் குத்தி. ஓர் எழுத்துக்கு இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என்று ஆறு புள்ளிக்கு இடம்; எவை புடைத்திருக்கின்றன என்பதுதான் எழுத்து. தாளின் முதுகில் குத்தினால்தான் முகத்தில் புள்ளி புடைக்கும். அதனால் ஒவ்வோர் எழுத்தையும் இடம் வலமாக மாற்றிப்போட்டுக் குத்த வேண்டும். ஏழு வயதில் ஏறிய பழக்கம். திரை அந்தப் பக்கம் பார்க்கட்டும் என்று போன் சொன்னதுமே அக்காவின் விரல்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது: ஓகோ, நாம் முதுகுப் பக்கம், படிக்கிறவன் எதிர்ப்பக்கம். முதல் மூன்று புள்ளியை வலது கையாலும் மற்ற மூன்றை இடது கையாலும் திருப்பிப்போட்டு அடித்தார்.

'இ' அடித்தால் போன் "ஏ" என்றது. திரும்ப அடித்தார். "ஏ."

"யாரைப் பார்த்து ஏங்கிற? மரியாதையாப் பேசு."

வீட்டுக்காரர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடி மேல் படிந்த அக்காவின் விரல்களைத் தடவிப் பார்த்தார். "சரியாத்தான் அடிக்கிற." மறுநாளும் அதே தீர்ப்பு. ஐந்து நாள் இப்படியே போனது. புருஷன் பெண்டாட்டி இருவரும் சரி, போன்தான் மக்கு. ஐந்தாம் நாள் சாயங்காலம் அக்கா அழுதுவிட்டார். குரல் போய்விடுமோ என்று அழவில்லையாம். "நாலு வாரம் இந்த மனுசன்கூட ஒரே வீட்டுல பேசாம இருக்கிறதை நெனச்சேன். அவருக்கு நான் வீட்டுல இருக்கேன்னே எப்படித் தெரியும்?"

ஆறாம் நாள் வீட்டுக்காரருக்கு முதுகுவலி. எதிரில் உட்கார முடியவில்லை. அக்காவின் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டு, கையை நீட்டி விரல்களைத் தடவினார். தடவியவர் நிமிர்ந்தார்.

"ஏய், தப்பா அடிக்கிற."

"நேத்து வரைக்கும் சரின்னீங்க?"

"நேத்து எதிர்ல இருந்தேன். அங்கேருந்து சரி. இங்கேருந்து தப்பு."

அக்கா போனைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"அப்போ இந்தப் போன் எங்க உக்காந்து படிக்குது?"

"உன் பக்கத்துல. என்னை மாதிரி."

அக்கா தன் இடது கைக்கு முதல் மூன்று புள்ளியையும் வலது கைக்கு மற்ற மூன்றையும் கொடுத்து அடித்தார். "இ" என்றது போன், நல்ல பிள்ளையாக. "என் இடது கைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவன் சொத்தா கரைஞ்சிருக்கும்?" என்று திட்டிக்கொண்டே வீட்டுக்காரரின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். சந்தோஷம் தாங்கவில்லை.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள், கரகரத்த தொண்டையோடு, பள்ளித் தோழிகளுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ரெண்டு கையையும் மேசைமேல வைங்க. ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல். உங்க இடது கை ஒண்ணு ரெண்டு மூணு, வலது கை நாலு அஞ்சு ஆறு. அந்தக் கைகளோடயே போனைத் தூக்குங்க. ஊசிப் பழக்கத்தைச் சட்டத்தோட விட்டுட்டு வாங்க. போன் உங்க பக்கத்துச் சீட்டு ஆளு, எதிர்ச் சீட்டு இல்ல." பதினோரு பேர் அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதில் இருவர் இப்போது அக்காவை விட வேகம்.

பிறகு மௌனம். பேருந்து நிலையத்தில் ஒரு பதிவுக் குரல் வந்து உட்கார்ந்தது. அது ஜன்னல் சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வீட்டில் போன் பேசியது. "அடுப்பை அணைத்துவிட்டுப் போனால் கை தேய்ந்தா போய்விடும்" என்று அது பணிவாக, ஏற்ற இறக்கமில்லாமல் கேட்கும். "நீ திட்டினா உறைக்கும், இது திட்டினா தூக்கம் வருது" என்பார் வீட்டுக்காரர். "ம்" மட்டுமே தெரிந்த மனிதர் அந்த நான்கு வாரத்தில், அறை மௌனமாக இருப்பது பொறுக்காமல், பட்டறையில் எந்த அச்சு ஒழுகியது என்பது வரை பேசித் தீர்த்தார்.

கடைசி நாள் வந்தது. மறுநாள் காலை டாக்டர் முன்னால் அக்கா வாயைத் திறக்க வேண்டும். காலையிலிருந்து மின்சாரம் இல்லை. மத்தியானம் போன் அணைந்தது. வீட்டுக்காரர் துணி மடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே நிறுத்தினார்.

"நாளைக்கு வந்துடும்ல குரல்?"

அக்காவிடம் போன் இல்லை.

"பயமா இருக்கா உனக்கு? ஏதாச்சும் சொல்லேன்."

அக்காவின் வாய் திறந்தது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது சொல். உதட்டைக் கடித்து விழுங்கினார். தட்டுத் தடுமாறி அவர் தோளைப் பிடித்து, அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினார். அந்த முதுகில் ஆறு விரலையும் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினார்.

வீட்டுக்காரர் தலையைச் சாய்த்து நின்றார். "கொஞ்சம்... அப்புறம் என்ன? இரு, இரு. சட்டை தடிமனா இருக்கு, பாதி எழுத்து விளங்கல."

பொத்தான்களை அவிழ்த்துச் சட்டையைக் கழற்றிக் கட்டிலில் போட்டார். வெறும் முதுகை அக்காவுக்குக் காட்டி, கை எட்டுகிற மாதிரி தரையில் உட்கார்ந்துகொண்டார்.