நான் மறுத்த அரை நாள் விடுப்பு

வலியோடு வந்தவரைக் கேலி செய்து திருப்பி அனுப்பியவன் நான். எண்பதுகளில் ஷா ஆலம் அலுவலகம் ஒன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தேன். என்கீழ் வேலை பார்த்த சேவியர் ஒரு காலையில் இடது அடிவயிற்றைப் பிடித்தபடி வந்து நின்றார்.

“சார், காய்ச்சல் வேற. அரை நாள் லீவு குடுங்க, கிளினிக் போயிட்டு வரேன்.”

“போன வருஷம்தான அப்பெண்டிக்ஸ் எடுத்தாங்க? உனக்கு எத்தனைதான் இருக்கு? இடப்பக்கம் வலிச்சா வெறும் காத்து லா. போய் உட்காரு.”

எல்லோரும் சிரித்தார்கள். காய்ச்சல் அடிக்கிறதா என்று நான் அவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மாலையில் கிள்ளானில் இருந்த தன் வீட்டில் அவர் மயங்கி விழுந்தார். பெருங்குடல் சுவரில் புடைத்திருந்த சிறு பைகளில் ஒன்று சீழ் பிடித்து வெடித்திருந்தது. காலையிலேயே வந்திருந்தால் மருந்திலேயே அடங்கியிருக்கலாம் என்றார் மருத்துவர். உயிர் பிழைத்தார். ஆனால் வயிற்றில் மலம் சேரும் பையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வர முடியாமல் நின்றுவிட்டார்.

அதன்பின் வயிற்றுவலி, காய்ச்சல் என்று வந்த எவரையும் நான் தடுத்து நிறுத்தியதில்லை. வீடு தேடிப் போய் சேவியரிடம் மன்னிப்புக் கேட்டேன். மாதந்தோறும் மருத்துவமனைக்கு என் காரில் அழைத்துப் போனேன். பின்சீட்டில் பேசாமல் உட்கார்ந்து வருவார்.

ஒருநாள் வழியில் எனக்கே இடப்பக்கம் வலித்தது. காரை ஓரங்கட்டினேன். பின்னாலிருந்து ஒரு கை என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தது.

“காய்ச்சல் இல்ல சார். இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டிருங்க.”