எங்கள் வீட்டு நாயும் என் ஏழாம் மாதமும்

கடித்த இடம் பெரிதாக வலிக்கவில்லை. கணுக்காலுக்கு மேல் இரண்டு பல் பதிந்திருந்தது, அவ்வளவுதான். கடித்தது தெருநாய் அல்ல. கீழப்பழுவூரில் எங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த செவலை. இரண்டு நாளாகக் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடக்கிறதே என்று கஞ்சி வைக்கக் குனிந்தேன். பிடுங்கிவிட்டது.

"நம்ம வூட்டுச் சோத்தத் தின்ன நாய்க்கு ஏது வெறி? சூட்டுல கடிச்சிருக்கும்" என்று மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். வளர்த்த நாய்க்கு நோய் வராது என்று எண்பதுகளில் எங்கள் ஊரே நம்பியது. நானும்தான்.

மூன்றாம் நாள் செவலை பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு, நுரை தள்ளிச் செத்தது. அப்போது நான் வாயும் வயிறுமாக இருந்தேன், ஏழாம் மாதம்.

அரியலூர் ஆஸ்பத்திரிக்கு என் கணவரும் மாமியாரும் கூட வந்தார்கள். டாக்டரம்மா சுண்ணாம்பைப் பார்த்ததும் திட்டிக்கொண்டே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். "ரேபிஸா இருக்கலாம்மா, மூளையத் தாக்குற வெறிநாய்க்கடி நோய். தொப்புளச் சுத்தி தினம் ஒண்ணா பதினாலு ஊசி போடணும்" என்றார்.

மாமியார் அலறினார். "வயித்துலயா? உள்ள புள்ள இருக்குங்க!"

"ஊசி தோலுக்கடியிலதான் போவும். புள்ள ரொம்ப உள்ள இருக்கு. நோய் வந்துட்டா தாயும் இல்ல, புள்ளயும் இல்ல. பாத்துக்குங்க."

என் கணவர் தன் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். "போடுங்கம்மா" என்றேன் நான்.

அப்பப்பா, என்ன கடுப்பு! போட்ட இடமெல்லாம் நெல்லிக்காய் அளவு வீங்கும். ராத்திரி காய்ச்சல் வரும். மறுநாள் பஸ் ஏறுவேன். ஊசி இறங்கும்போது உள்ளிருந்து ஓர் உதை விழும். இருக்கிறாய் அல்லவா, உதை, நன்றாக உதை என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

நாய் கடித்தால் வயிற்றில் நாய்க்குட்டி வளரும் என்று அப்போது ஒரு பேச்சு உண்டு. பஸ் ஸ்டாண்டில் எதிர்வீட்டுக்காரி, "வயித்துல குட்டி கத்துதாடி?" என்று கேட்டாள். "போட்டா ஒண்ணு ஒங்க வூட்டுக்குத் தரேன்க்கா, காவலுக்கு ஆவும்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

ஊசி முடிந்தும் பயம் முடியவில்லை. இந்த நோய் மாதக்கணக்கில் பதுங்கியிருந்தும் வெளிவரலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டை இழுக்கிறதா என்று பார்ப்பேன். கடித்து இத்தனை நாள், இத்தனை வாரம் என்று எண்ணுவதே என் வேலையாகிவிட்டது.

மாதம் நிறைந்து மகள் பிறந்தாள். கத்திய கத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. ஜெயித்துவிட்டோமடி என்று அவளைக் கட்டிக்கொண்டேன். மாமியார் கிட்டே வந்து, வீக்கம் வற்றிய என் வயிற்றை ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

இதைப் படிக்கும் உங்களை நாயோ பூனையோ கடித்திருந்தால், வளர்த்ததுதானே என்று இருந்துவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணியானாலும் தயங்க வேண்டாம். இப்போது ஊசி வயிற்றில் இல்லை, கையில்தான்.

மகள் தவழத் தொடங்கியிருந்த சமயம், பக்கத்துத் தெரு சின்னதம்பியை அவர் வளர்த்த நாயே கடித்துவிட்டது. ஊசிக்குப் பயந்து மனிதர் வீட்டைவிட்டு நகரவில்லை. என் மாமியார் கையில் சோப்போடு போய் நின்றார், மகளோடு நானும் பின்னால் போனேன்.

"ஏழு மாசப் புள்ளய வச்சுக்கிட்டு என் மருமவ வயித்துல வாங்கிக்கிட்டா. ஆம்பள, ஒனக்கென்னடா வந்துச்சு? காலக் கழுவு, பஸ்ஸு வந்துரும்!"

சின்னதம்பி காலைக் கழுவிக்கொண்டே என்னிடம், "அண்ணி, ஒங்களக் கடிச்சு எத்தினி மாசம் ஆவுது?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். கணக்கு வரவில்லை.

"தெரியலியே தம்பி" என்று மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன். "இவளுக்கு எட்டாம் மாசம் நடக்குது."