பிரேக்கிலிருந்து காற்றை எடுத்த ஞாயிறு

டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். என்ற மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தபோது, நான் கார் ஓட்டக் கற்று ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஆவடிக்குப் பக்கத்தில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. ஒரு சின்னத் தொழிற்சாலையில் இரும்பு உதிரிபாகங்களை அளந்து பார்த்து, தேறுவது எது, தேறாதது எது என்று பிரிக்கிறவள் நான். வண்டி எங்கள் கைக்கு வருவதற்குள் இரண்டு பேரிடம் ஓடிக் களைத்திருந்தது. ஆனாலும் நாற்பத்து மூன்று வயதில், மின்சார ரயிலில் நசுங்காமல் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற சுகத்தை எனக்குக் கொடுத்தது அதுதான்.

அவசரத்தில் ஓங்கி பிரேக் பிடித்தால் சக்கரம் இறுகி வண்டி வழுக்காமல் காப்பாற்றுவது ஏ.பி.எஸ். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டேன். அவர் அதை இயக்கும் யூனிட்டில் இருந்த பிரேக் ஆயில் பைப்புகளைத் தளர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்ப முடுக்கினார்.

"யூனிட்டே பூட்ச்சிக்கா. புச்சு போட்டா உங்களுக்குக் கட்டுப்படியாவாது. பேசாம வண்டிய வித்துடுங்க."

பெடலை அமுக்கிப் பார்த்தேன். நனைந்த பஞ்சில் கால் வைத்ததுபோல் உள்ளே போனது. வரும்போது இப்படி இல்லையே என்றேன்.

"யூனிட் போனா அப்டித்தான்க்கா."

முதல் கியரிலேயே, ஹேண்ட்பிரேக்கில் ஒரு கை வைத்தபடி, ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் மனம் ஆறவில்லை. என் வேலையில் ஒரு சின்ன போல்ட்டைத் தள்ளுவதென்றால்கூட எங்கே, எவ்வளவு குறைகிறது என்று எழுதிவிட்டுத்தான் தள்ள வேண்டும். இந்த மனிதர் எதை அளந்து பார்த்தார்? ஒன்றையும் அளக்கவில்லை.

சனிக்கிழமை மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் இருக்கிறது. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று யூனிட்டுக்குச் சொல்வது அதுதான். நான்கின் மின்தடையையும் அளந்தேன். நான்கிலும் ஏறக்குறைய ஒரே எண். மெக்கானிக் சொன்னதுதான் சரியோ என்று முகம் தொங்கிப்போனது. முன்பக்க இடது சென்சாரின் வயரை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாமென்று ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினேன். மீட்டரில் எண் காணாமல் போனது. திரும்ப நேராக்கினேன், வந்தது. திருப்பினேன், போனது. என்னையும் அறியாமல் கத்திவிட்டேன்.

கணவர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். "இன்னா, ஷாக் அட்ச்சிச்சா?"

"இல்லீங்க, கண்டுபுட்ச்சிட்டேன்!"

ரப்பருக்குள் வயர் அறுந்திருந்தது. சக்கரம் நேராக இருக்கும்போது மட்டும் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. அன்றே பஸ் பிடித்து, பாடியில் உள்ள உதிரிபாகக் கடைக்குப் போய் புது சென்சார் வாங்கி வந்து மாட்டினேன். வீட்டுவாசலிலிருந்து நாலடி ஊர்ந்ததும் மஞ்சள் விளக்கு அணைந்தது. யூனிட் சாகவில்லை. மிச்சமிருந்தது அந்தப் பஞ்சு பெடல்தான். பைப்பைத் தளர்த்தியபோது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. அதை வெளியே எடுக்க வேண்டும்.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே பெடலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து பிரேக் ஆயிலையும் காற்றையும் வெளியேவிட்டு மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விடலாம். முந்திக்கொண்டால் வெளிக்காற்று உள்ளே போய்விடும்.

ஞாயிறு காலை வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, கணவரை சீட்டில் உட்கார வைத்தேன். மூன்றாவது தடவை அவருடைய போன் அடித்தது. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார். எடுத்த காற்றெல்லாம் திரும்ப உள்ளே போனது.

"நான் சொல்லாம ஏன் உட்டீங்க?"

"போன் அட்ச்சா எடுக்கக்கூடாதா?"

எங்கள் சத்தம் கேட்டு மாடி வீட்டு அக்கா இறங்கி வந்தார். பூந்தமல்லிக்காரர். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு பிளவுஸும் சுடிதாரும் தைப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நீங்க நவுருங்கண்ணே. முப்பது வருஷமா பெடல்லதான் கால் வெச்சிகினு கீறேன். அமுக்குன்னா அமுக்குவேன், உடுன்னாதான் உடுவேன்."

அக்காவின் கால் வேலையை நான் மறக்க மாட்டேன். ஒரே அழுத்தம், ஒரே நிதானம். நான் "அமுக்குங்க" என்றால் "அமுக்கினேன்" என்று பதில் வரும். நிப்பிளைத் திறந்தால் அதில் மாட்டிய ட்யூபில் சோடாபோல் குமிழ்கள் பொங்கி வரும். மூடிவிட்டு "உடுங்க" என்பேன். பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றும் வேலை கணவருக்கு. அதை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் செய்தார். நான்கு சக்கரமும் முடிந்தபோது பெடல் மேலே வந்திருந்தது. ஆனால் கடைசியில் இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருந்தது.

எஞ்சிய காற்று யூனிட்டுக்குள் ஒளிந்திருக்கிறது என்று புரிந்தது. ஏ.பி.எஸ். வேலை செய்யும்போதுதான் உள்ளே இருக்கும் வால்வுகள் திறக்கும். அப்படியானால் அதை வேலை செய்ய வைப்போம் என்று முடிவெடுத்தேன். மாலையில், தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி பிரேக் நிற்கிறதா என்று பலமுறை பார்த்துக்கொண்டு, முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டாத ஒரு லேஅவுட்டுக்குப் போனோம். அக்காவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். தூறலில் மண் ரோடு ஈரமாக இருந்தது. சைக்கிள் வேகத்தில் போய் ஓங்கி மிதித்தேன். காலடியில் கர்ரென்று ஒரு அதிர்வு. வண்டி கோணாமல் நேராக நின்றது.

"இன்னாம்மா இது, கீழ யாரோ மிக்ஸி போட்ட மாதிரி கீது!" என்றார் அக்கா.

"அதான்க்கா ஏ.பி.எஸ்.!"

"அப்ப இன்னொரு தபா போடு!"

பத்துத் தடவை போட்டோம். வீடு திரும்பி மறுபடியும் நான்கு சக்கரத்திலும் காற்றெடுத்தோம். முன்பக்க இடது சக்கரத்தில் கடுகளவில் மூன்று குமிழ்கள் ஊர்ந்து வந்தன. அதன்பிறகு வெறும் ஆயில்தான். பெடல் கல்போல் நின்றது. அக்கா இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆயில் கையென்றும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் நல்ல மழை. மண்ணூர்பேட்டையில் எனக்கு முன்னால் போன ஷேர் ஆட்டோ, ஆள் ஏற்ற சட்டென்று நின்றது. மிதித்தேன். காலடியில் அந்த உறுமல். வழுக்காமல் வண்டி சொன்னபடி திரும்பி, ஆட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு முழ இடைவெளியில் போய் நின்றது. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா பிரேக்குக்கா அது! எங்க வேல பாத்த?"

"ஊட்லதான்," என்றேன். "நானே பாத்தேன்."