மேகத்தில் விழுந்த சுழி

மைதீன் பிச்சைக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சிறுமலை வாழைத்தார்களை மட்டக்குதிரைகளில் ஏற்றித் திண்டுக்கல் சந்தையில் இறக்குவது அவர் தொழில். இறக்கிய கையோடு அடுத்த நடைக்குக் கால் பரபரக்கும்.

அப்படிப்பட்டவரை 1966 மார்கழியில், திண்டுக்கல் பேகம்பூர் படிப்பகத்தில், ஒரு பத்திரிகைப் படம் பிடித்து நிறுத்தியது. பூமியைச் சுற்றும் கருவி வானத்துக்கு மேலிருந்து எடுத்த படம். கடலெங்கும் வெண்மேகம், நடுவே பொட்டுப் போல ஒரு தீவு, தீவுக்குப் பின்னால் இடமும் வலமும் மாறி மாறிச் சுழிகள்.

"அச்சுல என்னமோ கோளாறு, ராவுத்தரே" என்றார் பக்கத்தில் இருந்த பூகோள வாத்தியார் வேலுசாமி.

"கோளாறு இல்ல சார். நம்ம ஊரு கோட்டைப் பாறைக்குப் பின்னாடியும் இப்படித்தான் சுழிக்கும். சிறுமலை மேல நின்னு பாத்திருக்கேன்."

வேலுசாமி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு மைதீன் பிச்சையைச் சாப்பிடவிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து நடந்தார்.

"செத்த நேரம் உக்காருங்களேன். மேகம் எப்படிச் சுழிச்சா நமக்கென்ன?" என்றாள் மனைவி கமர்ஜஹான்.

"நான் கதை விடுறேன்னுல்ல வாத்தியார் நெனைக்கிறாரு!"

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் வாத்தியார் வீட்டு வாசலில் நின்றார். வேலுசாமியும் மறுக்காமல் கிளம்பினார். மூச்சு வாங்க மலையேறிப் பார்த்தால், வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. மறுவாரம் மேகம் மலையையே விழுங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற குதிரைகூடத் தெரியவில்லை. உண்மையிலேயே பார்த்தோமா, பார்த்ததாக நினைத்துக்கொண்டோமா என்று மைதீன் பிச்சைக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்கக் குதிரைகளைக் காரணமில்லாமல் அதட்டினார்.

மூன்றாம் ஞாயிறு, மலைப்பாதை திரும்பும் இடத்தில் நின்றபோது, கீழே ஊரே இல்லை. தாழ்ந்த மேகம் பாலாடை போலப் பரந்து கிடந்தது. கோட்டைப் பாறையின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வாடைக்காற்றில் நகர்ந்த மேகம் பாறையில் மோதிப் பிரிந்தது. பாறை தாண்டியதும் ஒரு சுழி இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம்.

"பாருங்க சார்! பாருங்க!"

வேலுசாமி பாதையின் விளிம்புவரை போய்க் குனிந்து பார்த்தார்.

"அடியில இருக்கறது குளுந்த காத்து, ராவுத்தரே. மேல வெதுவெதுப்பான காத்து மூடி மாதிரி அமுக்குது. ஏறிப் போக வழியில்லாம பாறையச் சுத்திப் போகுது, அதான் சுழிக்குது. அந்தத் தீவுலயும் இதே கதைதான். நாந்தான் தெரியாமச் சொல்லிட்டேன்."

மைதீன் பிச்சை நிம்மதியாக மடியிலிருந்து ஒரு பீடியை உருவினார். ஆனால் அந்த நிம்மதி பீடி பற்றவைக்கும் வரைகூட நிற்கவில்லை.

"இத்துனூண்டு பாறைக்கே இப்படின்னா, நாம நிக்கிற மலைக்குப் பின்னாடி எம்புட்டுப் பெருசாச் சுழிக்கும்?"

"அதப் பாக்க இந்த மலையவிட ஒசரமா நிக்கணுமே!"

அன்று மாலையே மலையின் மறுபுறம் நிலக்கோட்டைப் பக்கம் நடந்துபோய், மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே அண்ணாந்து நின்றார். சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"என்னத்தப் பாத்தீங்க?" என்று வீடு திரும்பியவரிடம் கேட்டாள் கமர்ஜஹான்.

"மேகத்தோட அடிவயித்தப் பாத்தேன். முதுகப் பாக்கணும்னா மேலதான் போகணும்."

அதன் பிறகு பத்திரிகையில் அப்படிப்பட்ட படம் வந்தபோதெல்லாம் வேலுசாமி கத்தரித்துக் கொண்டுவந்து தருவார். மைதீன் பிச்சை நின்றபடியே வாங்கி, சிறுமலை எங்கே என்று நகத்தால் தேடுவார்.