சிப்பாயை எப்போது எடுக்கிறார்கள்?

எனக்குக் கோபம் மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும் என்பது எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் என் சிறுவர் நாவலைப் போடுவதாக ஒப்புக்கொண்ட பதிப்பாசிரியர்தான். அவர் அடையாறு பக்கம் இருக்கிறார். போனில் குரல் வெண்ணெய் மாதிரி வரும்.

"மேடம், எல்லாம் பிரமாதம். கடைசி அத்தியாயத்துல மட்டும் அந்தச் சிப்பாய் சாகாம இருந்தா நல்லா இருக்கும். கையில ஒரு சின்னக் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிடலாமே. பொண்ணுக்கு சாக்லேட் வாங்கிட்டு வரட்டும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்குப் போனவன் சாக்லேட் வாங்கிக்கொண்டு வர அதென்ன தீவுத்திடல் பொருட்காட்சியா? நான் ராயபுரத்தில் ஒரு சின்ன ஆபீசில் நாள் முழுக்க கன்டெய்னர் பில் அடித்துவிட்டு, பஸ்ஸில் நசுங்கி எம்.கே.பி. நகர் வந்து சேர்ந்து, சோறு வடித்து, பாத்திரம் கழுவி, அதற்கப்புறம் உட்கார்ந்து எழுதிய நாவல் அது. வருடக் கணக்காகப் பாடுபட்டு ஒருத்தனைச் சாகடித்திருக்கிறேன். இவர் ஒரே போனில் பிழைக்க வைத்துவிடுவாராம்.

"போர்னா சாவாங்க சார்" என்றேன்.

"நமக்குத் தெரியும். குழந்தைங்க தாங்க மாட்டாங்களே, மேடம்."

"எந்தக் குழந்தைங்க? எங்க பக்கத்துப் பிள்ளைங்களை வந்து பாருங்க. எதையும் தாங்குவாங்க."

"அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு. அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. தாங்கினாங்கன்னா அப்படியே போட்டுடுவோம்" என்று போனை வைத்துவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

போனை வைத்த பிறகுதான் முதல் வரிசை நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கின் கீழே உள்ள பொது அறையில் பிள்ளைகள் என்னிடம் கதை கேட்க வருவார்கள். கதைக்கு எத்தனை பேர், நான் கொடுக்கும் பிஸ்கட்டுக்கு எத்தனை பேர் என்று ஆராய்ச்சியில் இறங்கியதில்லை. முதல் வரிசையில் எப்போதும் மூன்றாவது மாடிப் பெண் இருப்பாள். ஆறாவது படிக்கிறாள். அவளுடைய அப்பா எண்ணூர் துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டியவர். கொரோனா இரண்டாவது அலையில் இருமிக்கொண்டே ஆம்புலன்சில் ஏறினார், திரும்பவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சித்தப்பாவை மட்டும் தூரத்தில் நிற்க விட்டார்கள். மேளம் இல்லை, மாலை இல்லை, முகம்கூடக் காட்டவில்லை. எங்கள் ஜனங்கள் சாவைத் தாங்கிக்கொள்வார்கள், இதைத் தாங்க மாட்டார்கள். "அது எங்க நைனாதான்னு இன்னாக்கா நிச்சயம்? யாருமே மூஞ்சியப் பாக்கலியே" என்று அவள் ஒருமுறை என்னிடமே கேட்டாள். இன்றும் ரோட்டில் ட்ரெய்லர் போனால் டிரைவர் சீட்டை எட்டிப் பார்க்கிறவள் அவள். அவளுடைய அம்மா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள். யாராவது எடுத்தால் அடுப்பில் எதுவோ தீய்கிறது என்று உள்ளே போய்விடுவாள்.

இந்தப் பெண்ணை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு பெண் குழந்தையின் தகப்பனை நான் சாகடிக்க வேண்டும். வெண்ணெய்க் குரல் சொன்னது சரிதானோ என்று முதல்முறையாகத் தோன்றியது. தோன்றியதும் இன்னும் கோபம் வந்தது.

சனிக்கிழமை ஒரு தந்திரம் செய்தேன். கடைசி அத்தியாயம் வந்ததும் அவளைக் கூப்பிட்டு, மெயின் ரோடு பேக்கரியில் பிஸ்கட் வாங்கி வரச் சொன்னேன்.

"பக்கத்துக் கடைலயே கீதேக்கா" என்றாள்.

"அது நமுத்துப் போச்சு. நீ மெயின் ரோடு போ. மெதுவா வா, ஓடாத."

அவள் வாசலைத் தாண்டியதும் நான் மூச்சு விடாமல் படித்தேன். பீரங்கி வெடித்தது, பாலம் இடிந்தது, ரேடியோவில் பதில் இல்லை. ஆனால் பிள்ளைகளை ஓடாதே என்று சொன்னால் ஓடத்தானே செய்வார்கள்? 'பனி விழுந்துகொண்டே இருந்தது. அவன் கண்கள் மூடிக்கொண்டன' என்று நான் முடிக்கிற நேரத்துக்கு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அவள் வாசலில் நின்றாள்.

அவள் கையிலிருந்த பிஸ்கட்டை ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குள் இருந்த எழுத்தாளருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதை மறைப்பானேன். அவள் பிஸ்கட் பாக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"செத்துட்டாராக்கா?"

"ஆமாம்மா."

"எப்ப எடுக்குறாங்க?"

நான் திருதிருவென்று விழித்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு என்றால் முதல் கேள்வி அதுதான். பிணத்தை எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் லீவு சொல்லலாம், மாலை வாங்கலாம், திருவொற்றியூர் அத்தைக்குத் தகவல் கொடுக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை என் நாவலிடம் யாரும் கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

"எடுக்குறதெல்லாம் கதைல இல்லம்மா. கதை அங்கியே முடிஞ்சிடுது."

"அப்டியே பனில போட்டுட்டு வந்துட்டீங்களா?"

அவ்வளவுதான், அறை கொதித்துவிட்டது. சாகடித்ததற்கு ஒருவரும் என்னைக் கோபிக்கவில்லை. அனாதைப் பிணமாக விட்டதற்குத்தான் கோபம். வாய் ஓயாத பையன் ஒருவன் உண்டு, எதற்கும் முதலில் எழுந்து நிற்பான். "இன்னா ஆர்மிக்கா இது? ஒரு ஐஸ் பொட்டி கூடவா இல்ல?" என்றான்.

"டேய், அங்கதான் பனி கொட்டுதே. ஐஸ் பொட்டி எதுக்குடா?" என்றது இன்னொரு குரல். அது நியாயம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனார்கள்.

அடுத்த வேலை என்றால், எடுப்புக்கு ஏற்பாடு. மேளம் எந்த செட்டு, பந்தல் எந்தப் பக்கம், வருகிறவர்களுக்கு டீயா தண்ணீர் பாக்கெட்டா, பூப்பல்லக்கு வைத்தால் தெருவில் திரும்புமா என்று விவாதம் நடந்தது. கண்ணீர் அஞ்சலி பேனர்தான் பெரிய தகராறு. சிப்பாய் கூலிங்கிளாஸ் போட்ட போட்டோ என்பதில் ஒருமனம். கீழே வருந்துவோர் படங்கள் வரிசையில் எல்லோருக்கும் இடம் வேண்டும், அதுவும் பெரிதாக வேண்டும். கடைசியில் சிப்பாய் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டான். இன்னும் ஒருவருக்கு இடம் வேண்டுமென்றால் அவனையே எடுத்துவிட வேண்டியதுதான்.

"ஏன், எதிரி நாட்டுக்காரங்களையும் கூப்பிடுங்களேன்" என்று கிண்டலாகச் சொன்னேன். அவர்கள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வந்துதான் ஆவணும்" என்றான் வாய் ஓயாதவன். "எங்க பெரிம்மாவும் எதுத்த வூட்டுக்காரியும் தண்ணி லாரியாண்ட குடத்தால அட்ச்சிக்கினாங்க. அப்பால பேச்சே இல்ல. தாத்தா செத்தப்ப அந்தம்மாதான் வந்து எல்லாருக்கும் டீ ஊத்திகினு இருந்திச்சி. சாவுன்னா சண்டைய நிறுத்திடணும்க்கா."

"எடுத்த பிறகு?"

"அப்பால வோணும்னா அட்ச்சிக்கட்டும்."

என்னத்தைச் சொல்ல! நான் நாவல் முழுக்க முட்டி மோதியும் நிற்காத போரை இவன் ஒரு டீயில் நிறுத்திவிட்டான். இந்த அமர்க்களத்தில் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மேளம் கீளமெல்லாம் அப்பால. மொதல்ல மூஞ்சியக் காட்டணும். அவரு பொண்ணு வந்து பாக்குற வரிக்கும் எடுக்கக் கூடாது. எய்துவியாக்கா?"

எழுதுகிறேன் என்று நான் தலையாட்டினேன். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

அந்த வாரம் முழுக்க எழுதினேன். எழுதி முடித்துப் பதிப்பாசிரியருக்குப் போன் போட்டு விவரம் சொன்னேன்.

"மேடம், குழந்தைங்க புத்தகத்துல சாவு மேளமா?"

"ஆமாம் சார்."

"பட்டாசுகூட வருதா?"

"ஒரே ஒரு சரம்தான் சார்."

"சரி, இது சோகமான முடிவா, சந்தோஷமான முடிவா? அட்டையில எத்தனை வயசுக்கு மேலன்னு போடணும், அதுக்காகக் கேக்கறேன்." வெண்ணெய் லேசாக உருக ஆரம்பித்திருந்தது.

"சனிக்கிழமை பிள்ளைங்ககிட்ட எடுப்பைப் படிக்கறேன் சார். பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

ஆனால் பிள்ளைகளிடம் அதைப் படித்துக் காட்ட முடியவில்லை. படித்தால் வேலைக்காகாது, நடத்தியே பார்த்துவிடலாம் என்றார்கள். அங்கன்வாடி பெஞ்சு வந்தது. என் வீட்டுக் கிளிப் படம் போட்ட போர்வை வந்தது. கவிழ்த்துப் போட்ட பெயின்ட் பக்கெட்டுகள் மேளமாயின. எல்லோருக்கும் மேளம் அடிக்க வேண்டும், முன்னால் ஆட வேண்டும். பிணமாக இருக்க மட்டும் ஆள் இல்லை. பிணம் ஆட முடியாதே! கடைசியில் வாய் ஓயாத பையனைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் படுக்க வைத்தோம். சிப்பாயின் மகளாக யார் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் போய்ப் பெஞ்சின் தலைமாட்டில் நின்றுகொண்டாள்.

மேளம் தொடங்கியது. சும்மா சொல்லக் கூடாது, காலைத் தானாகத் தூக்க வைக்கிற அடி. பிணத்துக்குத்தான் பொறுக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "டேய், தப்பா அடிக்கிறடா, ரெண்டாவது அடிய இஸ்து அடி" என்றது.

"பொணம் பேசாதுடா!"

"இப்டி அட்ச்சா பொணம் எய்ந்துதான்டா வரும்."

அதட்டி மறுபடி படுக்க வைத்தேன். இந்த ரகளையில் ஒன்றை நான் மறந்தே போனேன். எங்கள் பிளாக்கில் சாவு மேளம் கேட்டால் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற ஆள் கிடையாது. நான் நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் கூட்டம். எதிர் டீக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்திருந்தார். பூக்காரம்மா கூடையோடு நின்றார்.

"யாரும்மா போனது?"

"சோல்ஜரு" என்றது ஒரு பொடிசு.

"எந்த பிளாக்கு?"

"பார்டர்ல."

"ஐயோ, யாரு பெத்த புள்ளயோ!" என்று பூக்காரம்மா மார்பில் அடித்துக்கொண்டார்.

"நாடகம்! நாடகம்மா இது!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். புரிந்ததும் எனக்குக் கிடைத்த வசவுகளை இங்கே எழுதினால் பதிப்பாசிரியர் மயங்கி விழுந்துவிடுவார். விளையாட்டுக்குச் சாவு மேளமா, படிச்சவளுக்கு அறிவு வேணாமா என்று ஆளாளுக்குப் பிடித்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் எதிர்த்துப் பேசவில்லை. ஒருவழியாக டீக்கடைக்காரர்தான் கையை உயர்த்தினார். "அட்ச்சது அட்ச்சாச்சி. எடுக்காம நிறுத்துறது நல்லால்ல. முடிச்சுடுங்கப்பா" என்றார். கூட்டம் போகவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து சுவரோரம் நின்றது.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையெல்லாம் தோசை மாவு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மகளிடம், "யாருடி?" என்றாள்.

"சோல்ஜரும்மா. தூரத்துல செத்துட்டாரு. மூஞ்சி காட்றாங்க. நீயும் வந்து பாரு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குமுன் நான் அப்படிப் பயந்ததாக நினைவில்லை. ஓர் அறை கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அறையவில்லை. அடுப்பில் தீய்கிறது என்றும் சொல்லவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

மகள் போர்வையை மார்பு வரை இறக்கினாள். பக்கெட்டுகள் நின்றுவிட்டன. இருவரும் அந்த முகத்தைக் குனிந்து பார்த்தார்கள். அவ்வளவு நேரம் ஒரு நிமிடம் சும்மா கிடக்காத பையன் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான். அம்மா அவன் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அப்புறம், ஊருக்குப் போய் வந்த ஆளைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அங்க சோறாச்சும் ஒயுங்காப் போட்டாங்களா?"

எங்கள் பெண்கள் செத்தவர்களிடம் கேள்வி கேட்பார்கள். பதில் வரும் என்று கேட்பதில்லை. அந்தப் பையன் கண்ணைத் திறக்காமல் மெதுவாகத் தலையை ஆட்டினான், போட்டார்கள் என்று.

பிணம் ஆடுகிறது என்று ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மாவின் அழுகை வெகுநேரம் கேட்டது. அது ஓய்ந்த பிறகு அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"நல்லாப் பாத்துக்கினியாம்மா? தூக்கச் சொல்லட்டுமா?"

"ம்" என்றாள் அம்மா. "தூக்கட்டும்."